எருமைக்கு ஒரு இஃப்

பஞ்சாபில் மோகா பக்கத்துக் கிராமத்துச் சர்பிக்கு இங்கிலீஷில் எழுத வரும், படிக்க வரும். 'இஃப்', அதாவது 'இப்படி நடந்தால்', என்று வாயைத் திறந்தால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும். பேச்சுத் தேர்வில் அதனாலேயே முன்பு தோற்றிருந்தாள். இந்த முறையும் போனால் கனடாக் கல்லூரியில் இடமில்லை. வெளிநாட்டுப் பயணம் கைகூட வேண்டிக்கொண்டு குருத்வாராவில் காணிக்கை வைக்க வாங்கிய பொம்மை விமானமோ, ஃபிரிட்ஜ் மேல் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது.

குற்றம் அவள் பீபி என்று கூப்பிடும் அம்மா ஜிந்தர் கௌருடையது. அந்த வீட்டில் கெட்டதை வாயால் சொல்லவே கூடாது. "பஸ் போயிட்டா?" என்று கேட்டாலே, "வாஹேகுரு! துப்புடி வெளியே!" என்பாள் பீபி. துப்பிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இப்படி வளர்ந்த பிள்ளையிடம் கோச்சிங் சென்டர் பம்மா சார், "உன் வீடு இடிஞ்சா என்ன செய்வே?" என்று கேட்டால் எப்படிப் பதில் வரும்?

"இடியாது சார்."

"இடிஞ்சா, பொண்ணே, இடிஞ்சா! இது இலக்கணம். யாரும் சாகப்போறதில்லை."

"ஐயோ, சாவுன்னு வேற சொல்றீங்களே சார்!"

சார் தலைப்பாகையைக் கழற்றாத குறை. "வீட்டுல போய் வாய்விட்டு ஒரு கெட்ட இஃப் சொல்லிட்டு வா. இல்லாட்டி என் மூஞ்சியிலயே முழிக்காதே."

சர்பி மாட்டுக்கொட்டிலுக்குப் போய், எருமையின் காதோரம், நாளைக்கு மழை பெய்தால் கோதுமை நனைந்துவிடும் என்று இங்கிலீஷில் முணுமுணுத்தாள். எருமை அசைபோட்டது. ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் நின்ற, சித்தப்பா முறையான சிந்தா சாச்சாவுக்கு 'ரெயின்' என்றால் என்னவென்று தெரியும்.

மறுநாள் வைசாக மாத அறுவடை வெயிலில் எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து, சாச்சாவின் கோதுமை ஏற்றிய மூடாத டிராலி மேல் மட்டும் பெய்ததுபோல் பெய்துவிட்டுப் போனது.

சாச்சா வாசலில் வந்து நின்றார். சர்பி பீபியின் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"ஒளியாதே மகளே. வரவழைச்சவ நீதானே? இப்ப வெயிலுக்கு ஒண்ணு சொல்லு."

சொன்னாள். வைசாக மாதம், வெயில் வராமல் எங்கே போகும்? கோதுமை காய்ந்தது. சாச்சா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அப்புறம் பார்க்கணுமே! வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு உட்காரவேண்டிய அளவுக்குக் கூட்டம். எருமை ஈன்றால் கிடேரிதான் ஈனும் என்று ஒருவருக்கு. மருமகள் வந்தால் பேசாமல் இருப்பாள் என்று இன்னொருவருக்கு. "பஞ்சாபியில சொல்லாதேம்மா, பலிக்காது. இங்கிலீஷ்ல போடு!"

சர்பி தாயாஜி என்று கூப்பிடும் பெரியப்பா முறைக்காரர், பழைய கபடிக்காரர் கர்த்தாரா, கடைசியில் தயங்கித் தயங்கி வந்தார். "அன்னிக்கு ஃபைனல்ல நான் வழுக்கி விழாம இருந்திருந்தா..."

"அது நடந்து முடிஞ்சது தாயாஜி. அதுக்கு வேற வாக்கியம். சொல்றேன், ஆனா பலிக்காது."

"பலிக்க வேணாம். கேட்டா போதும்."

சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொரு தரம்" என்றார்.

எல்லாரும் போனபிறகு பீபி மெல்ல வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். "அடியே, உன் பெரியம்மா வீட்டு விருந்து ஞாயிற்றுக்கிழமை. அவ வைக்கிற கீர்ப் பாயசம்... அடிப்பிடிச்சா?"

"பீபி! கெட்டதாச்சே!"

"மெதுவாச் சொல்லு. அப்புறம் துப்பிக்கலாம்."

சர்பி சிரித்த சிரிப்பில் தொண்டையில் இருந்த அடைப்பு எங்கே போனதோ தெரியவில்லை. அன்று மாலை முழுக்க வீட்டை இடித்தாள், பாலத்தை உடைத்தாள், பஸ்ஸைத் தவறவிட்டாள், எல்லாம் இஃப்பில். பீபி பக்கத்தில் கிண்ணத்தோடு உட்கார்ந்து அவளுக்காகத் துப்பிக்கொண்டே இருந்தாள்.

தேர்வில் வெள்ளைக்கார அம்மா கேட்டாள்: இன்றைக்கு இங்கே வராமல் இருந்திருந்தால் என்ன செய்துகொண்டிருப்பாய்? சர்பி ஆரம்பித்தாள். சாச்சாவின் டிராலி, கர்த்தாராவின் கபடி, பெரியம்மாவின் கீர் என்று எருமை வரை வந்தபோது அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்திவிட்டு, "கடைசியில் கிடேரியா?" என்று கேட்டாளாம். கடாக்கன்றுதான். அதை மட்டும் சர்பி சொல்லவில்லை.

தேறிவிட்டாள். பம்மா சார் லட்டு கொடுத்து, "இப்பவாவது சொல்லு, வீடு இடிஞ்சா?" என்றார். "தங்கத்துல கட்டுவேன் சார்!"

பொம்மை விமானத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு தாயும் மகளும் குருத்வாராவுக்குப் போனார்கள். விமானத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது பீபி நின்றுவிட்டாள்.

"நீ போயிட்டா எனக்கு யாருடி?" என்றாள். சொன்னவுடன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துப்ப இடமில்லை, அது குருத்வாரா. சர்பி அவள் கையை மெல்ல விலக்கினாள்.

"பயப்படாதே பீபி. நீ பஞ்சாபியிலதானே சொன்னே? பலிக்காது."