துக்க வீட்டு அடுப்பு

எட்டு மாடி ஏறி முடிப்பதற்குள் என் முழங்கால் இரண்டும் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கும். இருபது வருடம் ஆஸ்பத்திரித் தரை துடைத்துத் தேய்ந்த கால்கள். குடிசைகளை இடித்து, அல்ஜியர்ஸ் நகரத்துக்கு வெளியே இந்தக் கட்டிடத்தில் எங்களைக் கொண்டுவந்து கொட்டி இரண்டு வருடமாகிறது. லிப்ட் ஒருநாளும் ஓடியதில்லை. குடிசையில் ஒருத்தன் இருமினால் ஐந்து வீட்டுக்குக் கேட்கும். இங்கே எல்லோருக்கும் இரும்புக் கதவு.

என் புருஷன் பெல்காசம் மவுத்தானபோது, கல்குவாரியில் அவனோடு வேலை பார்த்த ஆறு பேர்தான் வந்தார்கள். எட்டு மாடியும் அவன் உடலைச் சுமந்து இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சந்தூக்குப் பெட்டி சுவரில் இடித்தது. ஒரு கதவும் திறக்கவில்லை.

துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவரும். கதவைத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. தன் ஊருக்கே வந்துவிடு என்று அண்ணன் போனில் சொன்னான். மூட்டை கட்டினேன். கட்டக் கட்ட ஆத்திரம் தலைக்கேறியது.

கேஸ் அடுப்பை இழுத்துவந்து படிக்கட்டில் வைத்துப் பற்றவைத்தேன். வெங்காயத்தைக் கருகவிட்டேன்.

"துக்க வீடு தானே சமைக்குது. நல்லா மோந்து பாருங்க" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

எதிர்வீட்டுக்காரி வந்து என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பை அணைத்தாள். பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரொட்டி வந்தது, மோர் வந்தது. வந்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே இருந்தேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டார்கள்.

கடைசியாக, மூன்றாம் மாடி நசீபா கொண்டைக்கடலைச் சாற்றோடு ஏறி வந்தாள். சட்டியை என் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு ஸுலீகாக்கா. எம் மவன் மெஹ்தி மவுத்தாப் போனப்ப நானும் மூணு நாள் கதவத் தொறந்துதான் வச்சிருந்தேன். நீ எங்க வாசல்ல நின்னு மூச்சு வாங்கிட்டு மேல போன. உள்ளேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"கால் வலிடி" என்றேன்.

"அடுத்த வீட்டுக்குள்ள வரத்தான் வலிக்குமோ? நான் அஞ்சு மாடி ஏறி வந்திருக்கேன்."

அவள் சொன்னது உண்மை. அன்று அந்தத் திறந்த கதவைப் பார்த்தேன், குர்ஆன் ஓதுகிற சத்தமும் கேட்டது. எனக்கென்ன என்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மேலே ஏறிவிட்டேன். அதுவரை ஊர்மேல் இருந்த கோபம் என்மேலேயே திரும்பியது. சாற்றில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றேன்.

அன்று சாயங்காலம் பதினொரு பெண்கள் அதே படியில் உட்கார்ந்து சண்டை போட்டு முடிவு செய்தோம். சாவோ பிரசவமோ, எந்த வீட்டில் நடந்தாலும் எந்த வீட்டுச் சட்டி முதலில் போகவேண்டும் என்று ஓடாத லிப்ட் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதினோம். அண்ணனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு மூட்டையை அவிழ்த்தேன்.

இப்போது மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றால், நசீபா ஒரு நாற்காலியை வெளியே தள்ளுகிறாள். சிரிப்பதில்லை. மெஹ்திக்கான மூன்று நாள் போய்விட்டது, இனி நான் கொண்டுபோவது வெறும் சோறு. அவளுக்கு நான் மூன்று நாள் துக்கச் சோறு பாக்கி.