தனப்பிரியா தூக்காத கொடி

தனப்பிரியா பச்சைக் கொடியைத் தூக்கவில்லை.

சேலத்தில் மாவட்ட ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி. குதிமேடை தாண்டும் பிரிவுக்கு அவள்தான் நடுவர்; அவள் கொடி காட்டினால்தான் ஓடித் தாண்டலாம். ஓடுபாதையின் முனையில் நின்ற சௌமியாவின் வலது முழங்காலில் பட்டை பட்டையாக டேப். அந்தக் காலை அவளால் முழுதாக ஊன்ற முடியவில்லை.

"கொடி காட்டறதுக்கும் முகூர்த்தம் பாக்கோணுமா?" என்று கத்திக்கொண்டே வந்தார் சௌமியாவின் பயிற்சியாளர் தனசேகர்.

அந்தக் குரலைத் தனப்பிரியா மறக்கவில்லை. பதினேழு வயதில் குதித்து இறங்கும்போது அவளுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. ஊன்றுகோலோடு பயிற்சிக்குத் திரும்பி வந்தவளை, "நொண்டிக் குதிரைக்கு இங்க கொள்ளு கெடையாது" என்று எல்லோர் முன்னாலும் துரத்தியவர் இவர்தான். பள்ளிபாளையத்தில் அப்பாவின் தறிக்குடோனில் பழைய மெத்தைகளைப் போட்டு, விழுந்து விழுந்து எழுந்து, மாநிலப் போட்டியில் வெள்ளி வாங்கினாள். அதோடு அவளுடைய கால் ஓய்ந்தது.

"மொதல்ல டாக்டர் பாக்கட்டுங்க" என்றாள்.

"என்மேல இருக்கற கோவத்த இந்தப் புள்ளமேல காட்டறியாடி?"

"'டி' போட்டுப் பேசாதீங்க. அந்தக் காலோட தாண்ட உடமாட்டேன்."

மருத்துவர் முழங்காலை அழுத்தியதும் சௌமியா துடித்துப்போனாள். அவர் கூடாது என்று தலையாட்டினார்.

"இனி எந்த மேட்சுலயும் நீ நடுவரா உக்காராம பாத்துக்கறேன்!" நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனார் தனசேகர்.

இடைவேளையில் தனப்பிரியா ஐஸ் பையை எடுத்துக்கொண்டு சௌமியாவிடம் போனாள்.

"இப்பச் சந்தோசந்தானுங்களே?" என்றாள் சௌமியா.

"இல்ல சாமி. நீ இன்னும் ரொம்ப நாள் ஆடோணும்."

"நீங்க மட்டும் ஒடஞ்ச காலோட ஆடி மெடல் வாங்கலீங்களா?"

"வாங்குனேன். இன்னிக்கு வரைக்கும் சம்மணம் போட்டு உக்கார முடியல."

"அது உங்க காலு. இது என்ற காலு." சௌமியா ஐஸ் பையைத் தட்டிவிட்டாள்.

தனப்பிரியாவுக்குக் கோபம் வரவில்லை. அந்த வயதில் யாராவது தன்னைத் தடுத்திருந்தால் முகத்தைப் பிறாண்டியிருப்பாள். தன் முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு குனிந்து, பையை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள்.

தனசேகர் சொன்னதைச் செய்துவிட்டார். அதன்பின் எந்தப் போட்டிக்கும் அவளுக்கு அழைப்பு வரவில்லை. மறுவருடம் சௌமியா கால் தேறி மாநில அணியில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டாள். ஒருநாள் ஈரோடு பேருந்தில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தபோது சௌமியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இறங்குகையில் அவள் இரண்டு கால்களையும் அழுத்தமாக ஊன்றிப் படியிறங்கியதைத்தான் தனப்பிரியா பார்த்துக்கொண்டிருந்தாள்.