அரிசியில் ஒரு பாடம்

பட்டர்வொர்த் அலுவலகத்திலிருந்து பெர்ரிப் படகு ஏறி வீடு திரும்பிய தாட்சாயினி வாசலிலேயே நின்றுவிட்டாள். சாயம் போட்ட அரிசி கூடமெங்கும் சிவப்பும் பச்சையுமாக உலர்ந்துகொண்டிருந்தது. மகள் தர்ஷிகாவுக்குப் பள்ளிக்கூடம் பெரிய சுமையாம். வீட்டிலேயே வைத்து விளையாட்டாக எல்லாம் கற்றுக்கொடுக்கிறேன் என்று வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த அவள் கணவன் கோகிலன், கைப்பேசியை எதிரில் நிறுத்தி, ஒரு தட்டில் அரிசியால் எண்களை வரைந்துகொண்டிருந்தான். ஏழு வயது மாணவி நாற்காலியில் கொட்டாவி விட்டாள்.

"பாப்பா ஏன் சும்மா இருக்கு?"

"தொட்டா கலைஞ்சிடும்லா. வீடியோ முடியட்டும்."

"அப்போ கணக்குப் படிக்கிறது நீங்களா?"

"இது கிரியேட்டிவ் லேர்னிங். உனக்குப் புரியாது."

இந்த மகா ஆசிரியரிடம் குழந்தை இதுவரை கற்றதெல்லாம் கேமராவைப் பார்த்துச் சிரிப்பதுதான் என்று தாட்சாயினிக்கு எரிச்சலாக வந்தது. கைப்பேசியை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள்.

"வாடா கண்ணு, நீ விளையாடு."

தர்ஷிகா அப்பாவைத் தயக்கத்தோடு பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அரிசியை அள்ளினாள். எண்கள் கலைந்தன, நிறங்கள் கலந்தன. சமையலறைக்கு ஓடிப்போய்க் கோப்பைகள் கொண்டுவந்து நிரப்பினாள்.

"அம்மாவுக்கு ரெண்டு, எனக்கு மூணு. மொத்தம் அஞ்சு! அப்பாவுக்குக் கிடையாது."

கோகிலன் துள்ளி எழுந்தான். "ஐயோ, இதைத்தான் எடுத்திருக்கணும்! போனைக் குடு, மறுபடியும் சொல்லச் சொல்லு!"

தாட்சாயினி அவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்தாள்.