வயிற்றுப் பக்கம்

…மூக்கு சரியாக வந்துவிட்டது, மூக்கு வந்துவிட்டால் முக்கால்வாசி வந்த மாதிரிதான், மேசை விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் பார்க்கிறேன், இடது பாதியும் வலது பாதியும் சேர்ந்த கோடு எங்கே போயிற்று? ஒட்டியவள் நான், பசை காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தவள் நான், எனக்கே தெரியவில்லை என்றால் பூதக்கண்ணாடிக்கு எங்கே தெரியப்போகிறது. நாளைக் காலை பத்து மணிக்கு நூலக மண்டபத்தில் போட்டி, அவர் குனிவார், குட்டி விமானமும் கப்பலும் ஒட்டிச் செய்கிற எங்கள் மாடல் சங்கத்தின் செயலாளர், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் அந்த லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிவார், பூதக்கண்ணாடி என்றால்தான் தெரியும், அவருடைய சொந்தப் பெயர் சங்கத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது, குனிந்து இந்த மூக்கின் மேல் கோட்டைத் தேடுவார், தேடட்டும். இருநூற்றுப் பதினான்கு துண்டுகள், ஐந்து மாதம், பெட்டியைத் திறந்த அன்று சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்த துணுக்குகள்தான், சக்கரம் சட்டைப் பொத்தான் அளவு, பைலட்டின் இருக்கை கட்டைவிரல் நுனி அளவு, இப்போது முழங்கை நீளத்துக்கு ஒரு போர் விமானம் மூன்று சக்கரத்தில் நிற்கிறது, சும்மா சொல்லக் கூடாது, நிற்கிற நிலையிலேயே ஒரு கோபம் இருக்கிறது அதற்கு. மூக்கில் கனம் இல்லாவிட்டால் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும், அதனால் பல் வார்த்து மிஞ்சிய உலோகத் துணுக்கு மூன்றை உள்ளே அடைத்துத்தான் மூடினேன், யாருடைய கடைவாய்க்கு வார்த்த மிச்சமோ, கொடுத்து வைத்தவர், அவருக்குத் தெரியாமலே விமானத்தில் ஏறிவிட்டார்…

பல் செய்வதுதான் என் பிழைப்பு, இருபத்திரண்டு வருஷமாக, டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார், லேபில் உட்கார்ந்து நான் பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப் செய்து அனுப்புவேன், யார் வாயில் போகிறது என்று பார்த்ததே இல்லை. புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் வெள்ளை வெளேரென்று செய்வார்கள், ஐம்பது வயது வாயில் அப்படி ஒரு பல் இருந்தால் குழல் விளக்கு மாதிரி அது மட்டும் எரியும், ஈறு பக்கம் துளி மஞ்சள், நடுவில் முடி மாதிரி ஒரு விரிசல் கோடு, கடிக்கிற முனையில் லேசான தேய்மானம், அதையெல்லாம் வைத்தால்தான் பல் பல்லாக இருக்கும், அழுக்கு வைக்கத் தெரிந்தவள்தான் கைகாரி, அதில் என்னை மிஞ்ச லேபில் ஆள் இல்லை, முதலாளியே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட என்னைப் பார்த்துப் போன வருஷம் பூதக்கண்ணாடி என்ன சொன்னார்? "ரொம்பச் சுத்தமா இருக்கும்மா, பெட்டியிலேர்ந்து இப்பத்தான் எடுத்த மாதிரி." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், இரண்டாம் பரிசைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவினேன், எனக்கா? எனக்கா அழுக்கு வைக்கத் தெரியாது?

அதனால்தான் இந்தத் தடவை மூன்று வாரம், மூன்று முழு வாரம் வயிற்றுப் பக்கத்துக்கு மட்டும். எல்லோரும் மேல்பக்கத்தைத்தான் இழைப்பார்கள், கண்ணாடி மூடி, இறக்கை, வாலில் இருக்கும் படம்… யார் கவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள் என்று வயிற்றுக்கு ஒரே பெயின்டாக அடித்துவிட்டுப் போவார்கள். நான் கவிழ்த்துப் போட்டேன். ஏனென்றால் அப்பா பதினெட்டு வருஷம் விமானத்தை அங்கேயிருந்துதான் பார்த்தார், கீழேயிருந்து, மல்லாந்து படுத்து. விமானப்படையில் இருந்தார் என்று யாரிடமாவது சொன்னால் உடனே கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார்கள், பைலட்டா? அப்பா தலையை ஆட்டுவார், "இல்ல, கீழ." அவ்வளவுதான், ஒரே சொல், மெக்கானிக் என்றுகூடச் சொல்ல மாட்டார். கேட்டவர் முகம் விளக்கை அணைத்த மாதிரி ஆகும், "ஓ" என்பார், பேச்சு வேறு பக்கம் போய்விடும். சின்ன வயதில் அந்த "ஓ" எனக்குக் காதைச் சுடும், அண்ணன் பள்ளிக்கூடத்தில் அப்பா பைலட் என்றே சொல்லி வைத்திருந்தான், நான் சொன்னதில்லை, ஆனால் அவன் சொல்லும்போது பக்கத்தில் நின்று வாயைத் திறந்ததுமில்லை, அதுவும் ஒரு பொய்தானே? அப்பாவுக்கு அது தெரியுமா? தெரிந்தால் என்ன நினைத்திருப்பார்? அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்காதபோது, "என் கையிலேர்ந்து போன ப்ளேன் ஒவ்வொண்ணும் திரும்பி வந்துச்சு." வால் எண்ணை அவரிடமே வாங்கினேன், போன மாதம் சாப்பிடும்போது, உங்க ப்ளேன் நம்பர் என்னப்பா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் நான்கு இலக்கத்தையும் சொன்னார், எழுபத்தொன்பது வயது, காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்று என்னைக் கேட்கிறவர். எதுக்கு என்று கேட்கவில்லை. பெயின்ட் வாடை வரும்போதெல்லாம் லேப் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன், ஜன்னலைத் திற என்பார், அதோடு சரி.

கதவைத் தள்ளிக்கொண்டு டீயோடு வருகிறார் என் வீட்டுக்காரர், ஐந்து மாதமாக இந்த அறைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் வருகிறார், ஒரு தடவை அவர் தும்மியதில் முன்சக்கரத்தின் கதவு காணாமல் போய் இரண்டு பேரும் டார்ச்சோடு தரையில் தவழ்ந்தோம், அது அவருடைய சட்டைப் பையில் இருந்தது. "ஏன் இப்பிடி ஒழுகி வெச்சிருக்கு? புதுசா பண்ணிட்டு அதுல கரியைப் பூசுறியே, உனக்கே இது நியாயமா இருக்கா?" கரியில்லை, ஆயில் பெயின்ட், தின்னரில் கரைத்துத் தட்டைத் தூரிகையால் காற்று போகிற திசையில் இழுத்து இழுத்து… சொன்னால் புரியாது. எஞ்சின் கதவின் ஓரத்திலிருந்து வால் வரைக்கும் கறுப்பாக வழிகிற கோடுகள், ஒன்று தடிமனாக, ஒன்று நடுவில் அறுந்து, புகை வாய்க்குப் பக்கத்தில் வெந்த நீலமும் பழுப்பும், நிஜ விமானங்களின் படங்களைப் பரப்பி வைத்துப் பார்த்துப் பார்த்து வைத்தது, இதைப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று சொல்லட்டும் பூதக்கண்ணாடி. இனி மங்கல் வார்னிஷ் ஒன்று பாக்கி, ஐந்து மணிக்குள் அடித்தால்தான் காலைக்குள் காயும், அடித்துவிட்டால் அதற்குப் பிறகு ஒரு கோட்டையும் அழிக்க முடியாது. "அப்பா எழுந்துட்டாரா?" என்று கேட்டேன். "பேப்பர் படிக்கிறாரு. கூப்பிடவா?" மேசையில் கிடந்த தூரிகைகளை வரிசையாக அடுக்கினேன், இதென்ன, பரீட்சைக்குப் போகிற மாதிரி, நாற்பத்தாறு வயதில்… "கூப்பிடுங்க."

அப்பா வந்தார், வாசலிலேயே நின்றார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், நாற்காலியை இழுத்துக் கொடுத்தேன், உட்காரவில்லை. பிறகு இரண்டு கையையும் நீட்டினார், இறக்கையைப் பிடிக்கவில்லை, வாலைப் பிடிக்கவில்லை, சொல்லிக் கொடுத்த மாதிரி சரியாக எந்த இடத்தில் பிடித்தால் உடையாதோ அந்த இடத்தில் பிடித்துத் தூக்கினார், மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராகக் கவிழ்த்தார். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உள்ளே ஒருத்தி குதித்தாள், இவர் இதைத்தான் முதலில் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும், பூதக்கண்ணாடிக்கா செய்தேன் இதை? இல்லை. இப்போதுதான் தெரிகிறது, இல்லை. இனி ஒரு வார்த்தை சொல்வார்…

"இது யாரோட ப்ளேன்?"

"உங்களோடதுதான்ப்பா. வாலைப் பாருங்க, நம்பர் போட்டிருக்கேன்."

"நம்பர் என்னோடது. இந்த அழுக்கு யாரோடது?"

வீட்டுக்காரர் டீ டம்ளரோடு மெல்ல நழுவினார், நல்ல மனுஷன், எப்போது போக வேண்டும் என்று தெரிந்தவர். நான் சொன்னேன், பறந்துட்டு இறங்கின விமானம் இப்படித்தானேப்பா இருக்கும், படமெல்லாம் பார்த்துத்தான் பண்ணினேன், போட்டியில இதைத்தான் கேக்கிறாங்க… என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, புகார் சொல்கிற பிள்ளையின் குரல். அப்பா கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது, "இறங்கும்போது இருக்கும்மா. நான் ஏணியை மடக்கிட்டுப் போறப்ப இருக்காது. தெனமும் துணியைச் சுத்திக்கிட்டுப் படுத்து தொடைப்பேன், வால்லேர்ந்து மூக்கு வரைக்கும். தொடைச்சாத்தான் மறுநாள் புதுசா ஒழுகுறது கண்ணுக்குத் தெரியும். இப்பிடி விட்டு வெச்சா எது பழசு, எது புதுசு? எவனுக்குத் தெரியும்? என் ப்ளேன் ஒழுகாது." சொல்லிவிட்டு மேசையில் வைத்தார், கவிழ்த்தபடியே, மெதுவாக, மூன்று சக்கரமும் மேலே பார்க்க.

மூன்று வாரம், என்று நினைத்தேன். முதலில் அதுதான் தோன்றியது, வேறு உயர்ந்ததாக ஒன்றும் தோன்றவில்லை. பிறகு கோபம், யார்மீது என்று தெரியாத கோபம், நல்லா இருக்கும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும், எந்த அப்பாவும் சொல்வாரே… ஆனால் அப்புறம், கொஞ்சம் அப்புறம், வேறு ஏதோ மேலே வந்தது. மூக்குக் கோட்டைப் பற்றி அவர் பேசவில்லை, பொம்மையைப் பார்க்கிறவர்கள் கேட்பதை ஒன்றும் கேட்கவில்லை, எத்தனை நாள் ஆச்சு, எத்தனை துண்டு, இதெல்லாம் எதுவும் இல்லை, துடைக்காமல் விட்டுவிட்டுப் போன ஆளை அதட்டுகிற மாதிரி அல்லவா அதட்டினார், அப்படியானால் அவர் கண்ணுக்கு இது… ஆமாம், விமானம்தான். இதைவிடப் பெரிய பரிசை எந்தப் பூதக்கண்ணாடி தருவார்? சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பஞ்சுக் குச்சியைத் தின்னரில் தோய்த்தேன், தடிமனான கோட்டின்மேல் வைத்து இழுத்தேன், கறுப்பு கரைந்து பஞ்சில் ஏறியது, அடியிலிருந்து சாம்பல் நிறம் பளிச்சென்று வந்தது, இரண்டாவது கோடு, மூன்றாவது, அழிக்க அழிக்க விரல் லேசாகிக்கொண்டே போகிறது, ஒருவேளை நாளை மறுபடியும் இரண்டாம் பரிசுதான், சுத்தமா இருக்கும்மா என்பார் பூதக்கண்ணாடி, ஆமாம் சார், தினமும் துடைக்கிற ஆள் இருக்கிறார் என்பேன். அப்பா போகவில்லை. இப்போது உட்கார்ந்திருந்தார், முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெந்த நீலத்தை அழிக்கப் போனபோது, "அது இருக்கட்டும், அது சூட்டுல வர்றது, என்ன தொடைச்சாலும் போகாது" என்றார், சரியென்று விட்டேன். கடைசிக் கோடு, சக்கரக் கதவுக்குப் பக்கத்தில், நான் கொண்டுபோன குச்சியைத் தடுக்கிற மாதிரி அவர் விரல் குறுக்கே வந்தது.

"இங்க ஒழுகாது."

"அதான்ப்பா அழிக்கிறேன்."

"அதில்ல. ஒழுகினா இங்க ஒழுகாதுன்னு சொல்றேன். இன்னும் பின்னால, கதவு மூடுற மூலை இருக்கே, இங்க. கறுப்பா இருக்காது, சக்கரத்தை மடக்குற ஹைட்ராலிக் ஆயில் செவப்பா இருக்கும்."

நகத்தைச் சரியாக அந்த மூலையில் வைத்தார், ஊசிமுனை அளவு இடம். என் ப்ளேன் ஒழுகாது என்றாரே, இப்போதுதானே சொன்னார், ஐந்து நிமிஷம் ஆகவில்லை. நான் தட்டில் சிவப்பைக் கரைத்தேன், ஒரு சொட்டுப் பழுப்பும் சேர்த்தேன், லேபில் ஈறுக்குக் கலக்கிற கை, ஒரே தடவையில் நிறம் வந்துவிட்டது, இருப்பதிலேயே மெல்லிய தூரிகையின் நுனியில் எடுத்துக்கொண்டு கேட்டேன், "எவ்வளவு பெரிசுப்பா?"

"சொட்டுதான். அன்னிக்கு ஒரே ஒரு சொட்டுதான் இருந்துச்சு."

அன்றைக்கு… எல்லாம் திரும்பி வந்தது, ஒவ்வொன்றும் வந்தது, அதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், அப்படியானால் அன்றைக்கும் வந்ததுதானே? ஒரு சொட்டைப் பார்த்து விமானத்தை நிறுத்தினாரா, நிறுத்தச் சொல்லி மேலே இருப்பவர்களோடு மல்லுக்கு நின்றாரா, இல்லை, துணியால் துடைத்துவிட்டு, பைலட்டைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாரா, காட்டிவிட்டு விமானம் இறங்குகிறவரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரா? தூரிகை நுனியில் சிவப்பு தயாராக இருக்கிறது, நேரம் நாலே முக்கால், அவர் விரலை எடுத்தால்தான் வைக்க முடியும், அப்பா விரலை எடுக்கவில்லை.