பூட்டிய மைதானமும் மப்ரூக்காவின் வாயும்

போன ஆட்டத்தில் ஐன் சம்ரா ரசிகர்கள் நடுவர்மேல் தண்ணீர் பாட்டில்களை வீசித் தொலைத்தார்கள். அதற்குத் தண்டனையாக, துனிசிய முதல் பிரிவு கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டத்தன்று அந்த ஊர் மைதானத்துக்குள் ஒரு ஈ காக்கைகூட நுழையக்கூடாது என்று உத்தரவு வந்தது. சரி, நுழையக்கூடாது என்றுதானே சொன்னார்கள்? பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லையே! தெற்கு கோல் கம்பத்துக்குப் பின்னால், மதிலை ஒட்டி நிற்கும் மப்ரூக்காவின் வீட்டு மொட்டை மாடியில் மதியமே பாதி ஊர் ஏறிவிட்டது. தண்ணீர்த் தொட்டிமேல் நாலு பேர். புறாக்கூண்டின்மேல் ரெண்டு பேர். கூண்டு உடைந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று கத்திக்கொண்டே, மப்ரூக்காவின் மாமியார் ஹல்லூமா எல்லாருக்கும் புதினா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மப்ரூக்காவுக்கு டீ இறங்கவில்லை. எப்படி இறங்கும்? ஐன் சம்ரா அணியின் கேப்டன் லஸ்ஹர் அவள் புருஷன். எதிரே ஆட வந்திருப்பதோ அவள் பிறந்த ஊரான ராஸ் மெல்லாஹ். அதன் கோல்கீப்பர் நௌஃபல், அவளுடைய சொந்தத் தம்பி.

இன்னொன்றும் உண்டு. ஐன் சம்ராவுக்கு இந்த ஆட்டத்தில் ஆகவேண்டியது எதுவும் இல்லை; ஜெயித்தாலும் தோற்றாலும் அது பத்திரம். ராஸ் மெல்லாஹ் மட்டும் தோற்றால் முதல் பிரிவிலிருந்தே விழுந்துவிடும். சமன் செய்தால் பிழைக்கும். இப்படி இருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

"ஹல்லூமாக்கா," என்றான் காப்பிக்கடைத் துஹாமி, தொட்டிமேல் உட்கார்ந்தபடி. "இன்னைக்கு ஒங்க மகன் பந்து ஆடப்போறானா, மச்சினனுக்குச் சீர் வைக்கப்போறானா?"

"ஒங் கடைக் காப்பியில தண்ணி கலக்குற மாதிரி எங்க வீட்டுல கலப்படம் கெடையாதுடா!" என்றாள் ஹல்லூமா. மாடியே சிரித்தது.

மப்ரூக்கா சிரிக்கவில்லை. காலையில் லஸ்ஹர் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னது அவள் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. "நான் ஜெயிச்சா ஒன் தம்பி கீழ போவான். ஜெயிக்கலேன்னா, வித்துட்டான்னு ஊர் என்னைக் கிழிக்கும். நீயே சொல்லு, நான் என்ன பண்ண?" அவள் என்ன சொல்வாள்! "நல்லா ஆடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அது அன்று அவள்தான்.

கூட்டமில்லாத மைதானத்தில் ஒரு வேடிக்கை என்னவென்றால், எல்லாம் காதில் விழும். பந்து உதைபடும் சத்தம், பயிற்சியாளர் திட்டுவது, நடுவர் இருமுவது வரை கேட்டது. இரண்டாம் பாதியில் நௌஃபல் தெற்கு கோலுக்கு வந்து நின்றதும் அவன் குரலும் தெளிவாகக் கேட்டது. "டேய், தூங்காதீங்கடா! ஆள விடாதீங்கடா!" அம்மாவைப் போலவே கத்துகிறான் என்று நினைத்து மப்ரூக்காவுக்குக் கண் நிறைந்தது.

கோல் இல்லாமலே ஆட்டம் ஓடியது. முடிய ரெண்டே நிமிடம். அப்போதுதானா அந்தப் பாழாய்ப்போன பந்து ராஸ் மெல்லாஹ் ஆட்டக்காரன் ஒருவன் கையில் பட வேண்டும்? விசில் ஊதியது. பெனால்டி!

எந்தப் பெனால்டி வந்தாலும் அடிப்பது லஸ்ஹர்தான். பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"பாத்துக்கிட்டே இருங்க," என்றான் துஹாமி. "பந்து இப்ப வானத்துக்குப் போகும். மாமியார் வீட்டுக்கு அதான் குறுக்கு வழி."

மறுபடி சிரிப்பு. இந்தமுறை மப்ரூக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெற்றியில் தையல் போட்ட மறுநாளே இந்த ஊருக்காகத் தலையால் பந்தை முட்டியவன் அவள் புருஷன். அவனையா விலைபோனவன் என்கிறார்கள்! முன்பின் யோசிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றாள்.

"லஸ்ஹர்! அவனுக்கு எடது கைப் பக்கம் பாய வராது! சின்ன வயசுல பாதாம் மரத்துலேர்ந்து விழுந்து கை ஒடச்சுக்கிட்டவன் அவன்! எடது பக்கமே அடிங்க!"

கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்துவிட்டாளே! துஹாமியின் கையிலிருந்த டீ அவன் மடியில் கொட்டியது. மைதானத்திலோ இருபத்திரண்டு பேரும் நடுவரும் ஒன்றாகத் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார்கள்.

"அக்கா!" என்று கத்தினான் நௌஃபல்.

லஸ்ஹர் ஒரு நொடி நின்றான். பிறகு ஓடி வந்து உதைத்தான் பாருங்கள், அந்த வருடம் முழுக்க அவன் அப்படி ஒரு உதை உதைத்ததில்லை. தரையோடு தரையாக, கம்பத்தை ஒட்டி, மனைவி சொன்ன அதே பக்கம். நௌஃபலும் அதே பக்கம் பாய்ந்தான். இருபது வருடமாக அவன் பாயப் பயந்த பக்கம்! விரல் நுனி பட்டது, பந்து கம்பத்தில் மோதி வெளியே ஓடியது. கொஞ்ச நேரத்தில் கடைசி விசிலும் ஊதியது.

மாடியில் முதலில் எழுந்தவன் துஹாமிதான். நனைந்த மடியோடு நின்று கை தட்டினான். "என்னா அடிடா லஸ்ஹர்! நான் பேசுனதெல்லாம் தப்புடா! ஏ ராஸ் மெல்லாஹ் பயலே, நீயும் ஆம்பளைடா!"

அவ்வளவுதான், மேளம் கிளம்பிவிட்டது. கீழே லஸ்ஹர் மச்சினனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோலைச் சுற்றி ஓடினான். மேலே மப்ரூக்கா அழுதாள், சிரித்தாள், எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் அவள் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

ஹல்லூமா மெல்ல அவள் பக்கத்தில் வந்து, காதைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லிரு. அந்த எடது பக்கத்த நீ யாருக்குடி சொன்ன?"

மப்ரூக்கா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வாயத் தொறந்தப்ப ஒங்க மகனுக்குத்தான் அத்தை சொன்னேன். மூடுறதுக்குள்ள தம்பிக்கும் போயிருச்சு."