அப்பாவின் கையில் ஒட்டிய வில்லை

தங்கையின் சர்க்கரை சில நாளாகத் தங்கமாக இருந்தது. அதுதான் அக்காவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

வீட்டில் வாலு என்று கூப்பிடும் அந்தப் பதினாறு வயதுக்காரியின் மேற்கையில் ஒட்டிய வில்லை, சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும். அளவு எகிறினால், கடல் தாண்டி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு தேய்க்கும் அக்காவின் போன் அலறும். அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே படபடப்பு என்பதால் செய்த ஏற்பாடு.

இடைவேளையில் அப்பாவை வீடியோவில் பிடித்தாள். பேச்சுக்கு நடுவே அவர் மேற்கையைச் சொறிந்தார்.

“இந்த ஒட்டு ரொம்ப அரிக்குதும்மா.”

“எந்த ஒட்டு?”

அப்பா திருதிருவென்று விழித்தார்.

“ஏம்ப்பா, அவ வில்லையை நீங்களா ஒட்டிக்கிட்டிருக்கீங்க?”

“புதுசு மாத்துறப்ப கெஞ்சினா. சிநேகிதிங்களோட நீச்சல் குளத்துக்குப் போறாளாம், கையில இதைப் பாத்துட்டு எல்லாரும் கேக்குறாங்களாம். உன் போனும் அடிக்காது பாரு...”

“உங்க சர்க்கரையைப் பாத்துத்தான் அவளுக்கு சபாஷ் போட்டுக்கிட்டிருந்தேனா?”

“எனக்கு நார்மல்தானே?” என்றார் அப்பா, கொஞ்சம் ஆவலாக.

தலையில் அடித்துக்கொண்டு வாலுவைக் கூப்பிட்டாள். ஈரத் தலையும் கேக் ஒட்டிய உதடுமாகக் குளக்கரையிலிருந்து திரையில் வந்தாள்.

“ஊசி போட்டியா?”

“வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கலாம்னு...”

“விரல்ல குத்தி அளந்து காட்டு.”

முணுமுணுத்தபடி குத்தினாள். கருவியைத் திரைக்கு நேரே பிடித்தாள்; எண் எகிறியிருந்தது. போன வருஷம் இப்படி ஏறித்தான் சுயநினைவு இல்லாமல் தீவிர சிகிச்சையில் கிடந்தாள்.

“உசிரு உனக்கு விளையாட்டா போச்சாடி?”

“விளையாட்டு இல்லக்கா. ஒரு நாளாவது யாரும் எட்டிப் பாக்காம இருக்கணும்னு தோணுச்சு. நீ அவ்வளவு தூரம் போயும் என் ரத்தத்துக்குள்ளயே உக்காந்திருக்க.”

அக்காவுக்கு ஒரு கூடைத் திட்டு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

“ஊசி பையில இருக்கா?”

“இருக்கு. போடுறேன். நீ பாக்காத.”

அக்கா போனை மேசைமேல் கவிழ்த்தாள். கை தன்பாட்டுக்கு ஒரே விரிப்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்தது.

“போட்டாச்சு,” என்றது கவிழ்ந்த போன். அழைப்பும் துண்டானது.

‘கொஞ்ச நேரம் கழிச்சு அளந்து காட்டு’ என்று போனிடம் சொல்லி எழுதவைத்தாள். ‘காட்டு’ என்பதை அழித்து, ‘பாத்துக்கோ’ என்று மாற்றி அனுப்பினாள். அதே கையோடு அப்பாவைக் கூப்பிட்டாள்.

“உடனே அந்தக் குளத்துக்குப் போங்கப்பா. தள்ளியே உக்காருங்க. ஆனா அங்க இருங்க.”