செல்வநாயகி இறந்த நல்ல நாள்

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில், ஹபீப் முகம்மதுவின் தேநீர்க் கடையில், பக்கத்து மேசைக்காரர் தன் நண்பரிடம் சொன்னார்: "என்ர மனுசியை அவ உயிரோட இருக்கேக்கயே சாகக் குடுத்தவன் நான்."

என் தேநீர் சட்டையில் கொட்டியது. அவருக்குக் குலசேகரம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜார்ஜ் டவுனில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு —"

(வேண்டாம். மழையைக் கேட்டு யார் அதிர்ந்துபோவார்கள்?)

2

1993. ஒரு நகராட்சி அலுவலகம். (எது என்று தேடாதீர்கள், நானே கட்டியது.) வீட்டுவரியைப் பல வருடங்களாகச் சுமந்த பழைய கம்ப்யூட்டர் புரோகிராமைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் குலசேகரம். ஓய்வு பெறப் போகிறவர். ஒரு பழிச்சொல் கேட்காமல் வெளியேற நினைத்தார்.

பழைய விவரங்களைப் புதியதில் ஏற்றியாயிற்று. சோதனைக்குத் டத்தோ கிராமாட் சாலையிலிருந்த தன் வீட்டையே தட்டிப் பார்த்தார். உரிமையாளர்: மகள் தவமணி. சரி. முந்தைய உரிமையாளர்: மனைவி செல்வநாயகி. காலமானார்.

குலசேகரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அன்று காலை அவருக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தவள் செல்வநாயகி.

3

வரிப்பிரிவு ஜெயலெட்சுமியைக் கூப்பிட்டார். அவள் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஓ, அதுவா சார்! பழைய சிஸ்டம்ல வீட்ட பேர் மாத்தணும்னா ரெண்டே வழிதான் லா. வித்திருக்கணும், இல்ல செத்திருக்கணும். சும்மா குடுக்கறதுக்கு இடமே இல்ல. உங்க ஆளுங்க மகளுக்குக் கல்யாணம்னா அம்மா வீட்ட எழுதிக் குடுத்துடுவீங்க. விக்கலல்ல? அதான் செத்துட்டாங்கன்னு போட்ருவோம்."

"எல்லாருக்குமா?"

"எல்லா சிலோன்காரம்மாவுக்கும். வரி பில் சரியா வருதுல்ல, யாரு கேக்கப் போறா?"

(அதாவது, யாழ்ப்பாணக் குடும்பங்களில் சீதனம் கொடுத்த தாய்மார் அத்தனை பேரும்... கோயிலில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான். ஐயோ, எழுதக் கை வரவில்லை.)

பழைய புரோகிராம் இதை யாரிடமும் சொன்னதில்லை. புதியது அப்படியல்ல. கையெழுத்தானதும் எல்லாப் பிரிவுக்கும் இறப்புச் செய்தி போகும். வீட்டுக்கு அனுதாபக் கடிதம் தானாக அச்சாகும். பிறகு அவர்களை உயிரோடு மீட்க கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

4

திரையில் இன்னும் ஒரு வரி இருந்தது. இறப்பைத் தெரிவித்தவர்: கணவர், குலசேகரம். மகளுக்கு வீடு எழுதிய அன்று கவுண்டரில் நீட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

முதல் முடிவு: கையெழுத்துப் போடுகிறார். தபால்காரர் செல்வநாயகியின் கையிலேயே அந்தக் கடிதத்தை — (அடித்துவிட்டேன். நான் அவ்வளவு கல்நெஞ்சன் இல்லை.)

இரண்டாவது: மறுக்கிறார். காரணத்தை எழுதித் தரச் சொல்கிறார்கள். பொய்ச் சாவு கொடுத்தவர் என்று பென்ஷன் நிற்கிறது. ஆனால் — (இந்த 'ஆனால்' எங்கும் போகவில்லை.)

இரண்டுக்கும் நடுவில் தொலைபேசி அடித்தது. செல்வநாயகி.

"இஞ்சருங்கோ, வரேக்க பூ வாங்கிக்கொண்டு வாங்கோ. வடை, பாயசம் எல்லாம் செய்யிறன். மறந்துபோனீங்களோ? ஐயர் குறிச்சுத் தந்த நல்ல நாளெல்லோ, இண்டைக்குத்தான் நாங்கள் பிள்ளைக்கு வீடு எழுதினது."

குலசேகரம் திரையில் இறந்த தேதியைப் பார்த்தார். இன்றைய தேதி; வருடம் மட்டும் வேறு.

(இப்படியெல்லாமா ஒத்துவரும் என்கிறீர்களா? நானும் நம்பவில்லை. அவர் அந்தத் தேதியை மேசையில் விரலால் எழுதிக் காட்டிய பிறகு நம்பினேன்.)

ஒரு கையில் பேனா, மறுகையில் ரிசீவர். அவர் தேநீர்க் கடையில் பேச்சை இங்கேதான் நிறுத்தினார். என்னாலும் இதற்கு மேல் முடியாது. பேனாவையும் ரிசீவரையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் காத்திருக்கிறாள்.

"ஹலோ? என்னப்பா, கேக்குதோ? நான்தான் கதைக்கிறன்."